ராசி வண்டியின் முனகல்

பெரிஸாத் புகுந்த வீட்டுக்குக் கிளம்பிய நாள் ஆகஸ்டு மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. அன்று அவள் பிறந்த மலையூரான கொச்கோரில் காற்றே இல்லை. அந்த ஊருக்கு அதுவே பெரிய அதிசயம். தலாஸிலிருந்து வந்திருந்த சம்பந்தி வீட்டார் காலையிலேயே கறியும் தேநீருமாக முடித்துக்கொண்டு, கார்களைத் தெருவில் வரிசையாக நிறுத்தி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார்கள். இருட்டுவதற்குள் இரண்டு கணவாய்களைத் தாண்ட வேண்டும். ஆனால் பெண் மாப்பிள்ளையின் காரில் ஏற மாட்டேன் என்று நின்றாள்.

"ஊர் எல்லை வரைக்கும் எங்கம்மா வண்டியிலதான் வருவேன். இந்த ஊர்ல எல்லாப் பொண்ணும் அதுலதான் ஏறிப் போறா. நான் மட்டும் என்ன பாவம் பண்ணேன்?"

மாப்பிள்ளை சிரித்துவிட்டான். அதற்குப்பின் யார் என்ன சொல்ல முடியும்?

அவளுடைய அம்மா புருல்சாவிடம் இருந்தது ஒரு பழைய ஜப்பானியக் கார். வெள்ளை நிறம், சின்ன உடம்பு. மற்ற நாட்களில் கொச்கோருக்கும் நாரினுக்கும் இடையே ஆள் ஏற்றிப் போகும் ஷேர் டாக்ஸி. ஆனால் ஊரார் அதை அப்படி நினைப்பதில்லை. ஒரு பனிக்காலத்தில் தோலோன் கணவாயில் லாரிகளெல்லாம் சிக்கி நிற்க, பிரசவ வலியோடு இருந்த ஒருத்தியை இந்தக் கார் ஊர்ந்து ஊர்ந்து நாரின் மருத்துவமனை கொண்டுபோய்ச் சேர்த்தது. இரட்டைக் குழந்தைகள், இரண்டும் சுகம். அன்றிலிருந்து அது ராசி வண்டி. கல்யாணப் பெண்ணை அழைத்து வரவும், பிறந்த குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரவும் ஆட்கள் புருல்சாவின் வாசலுக்குத்தான் வருவார்கள். பெரிய கறுப்புக் கார் வைத்திருப்பவர்கள்கூட அதை வீட்டில் நிறுத்திவிட்டு இந்தச் சின்ன வண்டியில் இடித்துப் பிடித்து உட்காருவார்கள்.

நாற்பது வயதுக்குப் பிறகு ஓட்டக் கற்றுக்கொண்டவள் புருல்சா. அதற்கு முன் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. கணவர் கோடை முழுக்க ஆடுகளோடு மேலே மலைப்புல்வெளியில். குளிருக்குத்தான் கீழே இறங்குவார். "ஓட்டாம இருந்திருந்தா இந்நேரம் சூப்புக் கொப்பரையிலயே வெந்து போயிருப்பேன்" என்று அவள் சொல்வதுண்டு. ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் முதுகு நிமிர்ந்துவிடும். பயணிகள் பாட்டை மாற்றச் சொன்னால் மாற்றுவாள். வேகமாகப் போகச் சொன்னால் மாட்டாள்.

பெண் ஏறியதும் வாசலுக்கு வந்தாள் அடுத்த வீட்டுக் குல்பார்சின் அக்கா. கையில் பெரிய பீங்கான் கிண்ணம் நிறைய மிட்டாய், உலர்ந்த திராட்சை, கொஞ்சம் சில்லறைக் காசு. நல்லது நடக்கும்போது இப்படி அள்ளி வீசுவதற்குச் சச்சிலா என்று பெயர். எல்லாரும் வீசுவார்கள்தான், ஆனால் குல்பார்சின் அக்காவின் கைராசி தனி. தெருவில் எந்த நல்ல காரியமும் அவள் கை வீசாமல் ஆரம்பிக்காது. உறை இல்லாத, மாவு பூசிய வெள்ளைச் சர்க்கரை மிட்டாய்தான் அவளுக்குப் பிடித்தம். உறைபோட்ட மிட்டாய் வீசுவது கஞ்சத்தனம் என்பது அவள் கட்சி.

கிண்ணத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் அள்ளி வீச, கண்ணாடிமேல் ஆலங்கட்டி மழைபோல் படபடவென்று விழுந்தது. கூடியிருந்தவர்கள் கைகளை ஏந்தி, "ஓமின்" என்று முகத்தைத் தடவிக்கொண்டார்கள். குழந்தைகள் சக்கரத்துக்கு அடியில் புகுந்து பொறுக்கின. புருல்சா ஹாரன் அடித்து அவர்களை விரட்டிவிட்டுத்தான் வண்டியை எடுத்தாள்.

ஊர் எல்லையில் பெட்ரோல் பங்க். அங்கே பெரிஸாத் இறங்கி மாப்பிள்ளை காருக்கு மாறினாள். பெண்ணைப் பெற்றவள் கூடப் போவது வழக்கமில்லை. கார்கள் பாலிக்சி சாலையில் புழுதி கிளப்பிக்கொண்டு மறைந்தபின், புருல்சா தன் வண்டியைத் திருப்பினாள். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, மெதுவாக, பங்க்கின் சிமெண்டுத் தரையில் வட்டமடித்தாள்.

அப்போதுதான் அது கேட்டது. நீளமாக ஒரு முனகல், முடிவில் டொக் என்று ஒரு தட்டு.

முதலில் தன் தொண்டையிலிருந்துதான் வந்தது என்று நினைத்தாள். அதுவரை அழாமல் அடக்கி வைத்திருந்தாள். மறுபடி திருப்பினாள். மறுபடி முனகியது. "நீயுமா?" என்று வண்டியைக் கேட்டுவிட்டு, தனியாகச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு வந்தாள்.

சாலையில் ஓடும்போது வண்டியில் எந்தக் குறையும் இல்லை. நாரின் வரை போய் வந்தாலும் ஒரு சத்தம் கிடையாது. மெதுவாகப் போகும்போது, அதுவும் ஸ்டீயரிங்கை நன்றாக ஒடிக்கும்போதுதான் முனகும். திருப்பம் முடிந்தபின் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராமல் அடம் பிடிக்கும்; கையால் இழுத்து வைக்க வேண்டும். வண்டியை எங்கே மெதுவாக ஒடிப்போம்? ஆஸ்பத்திரி வாசலில். கல்யாண வீட்டு வாசலில். எங்கே எல்லாரும் வாயை மூடிக்கொண்டு மரியாதையாக நிற்கிறார்களோ, அங்கே.

செப்டம்பர் முதல் மழைக்கு அடுத்த நாள், ஒரு குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வாசலுக்குள் திரும்பும்போது வண்டி ஊரே கேட்க முனகியது. குழந்தையின் அத்தை உதட்டைச் சுழித்தாள்.

"என்ன புருல்சா, உன் வண்டிக்கு வயித்து வலியா?"

"பெத்தவளுக்கே வலி போயிருச்சு. இதுக்கு என்ன வந்துச்சோ தெரியல."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு தெருவைக் கடப்பதற்குள் வேறு பேச்சாக மாறிவிட்டது. பெண்ணை ஏற்றிக்கொண்டு போன நாளிலிருந்துதான் வண்டி அழுகிறது. பெண்ணுக்கு அங்கே என்ன கஷ்டமோ. வண்டிக்குத் தெரிந்தது பெற்றவளுக்குத் தெரியவில்லையே. இப்படி ரொட்டிக் கடையில் இரண்டு பேர் பேசியது புருல்சாவின் காதுக்கே வந்தது.

அவள் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. நம்பாதவள்தான் அன்று சாயங்காலம் மகளுக்குப் போன் போட்டாள்.

"நல்லா இருக்கியா?"

"இருக்கேன்மா. காலையிலதானே கேட்ட?"

"சாப்பிட்டியா? உன் மாமியார் ஏதாவது சொல்றாங்களா?"

"சொல்றாங்க. இன்னும் கொஞ்சம் சாப்பிடுன்னு சொல்றாங்க."

"உன் குரல் ஒரு மாதிரி இருக்கே."

"வாயில பீன்ஸ் இருக்குமா. இங்க எல்லாத்துலயும் பீன்ஸ்தான்."

போனை வைத்தபின் புருல்சா அந்தக் குரலை மனசுக்குள் மறுபடி ஓட்டிக் கேட்டாள். பீன்ஸ்தானா? அல்லது வேறு எதையாவது விழுங்கினாளா? வண்டி முனகும் ஒவ்வொரு முறையும் அந்தக் குரலும் கூடவே கேட்டது. இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் போதும். அது வெறும் இரும்பின் சத்தம்தான் என்று கண்ணால் பார்த்துவிட்டால் போதும்.

குல்பார்சின் அக்காவிடம் இதற்கு வைத்தியம் இருந்தது.

"கண்ணுபட்டிருக்கு. எத்தனை பேர் இந்த வண்டியப் பாத்துப் பொறாமைப்படுறாங்க தெரியுமா? நீ சாவியப் போடு, நான் கிண்ணத்த எடுத்துட்டு வரேன்."

"அக்கா, இது மெஷினு. இதுக்குப் போயி..."

"மெஷினுக்குக் கண்ணு படாதா? உன்னைவிட அதத்தான்டி எல்லாரும் பாக்கறாங்க."

மறுக்க முடியவில்லை. குல்பார்சின் அக்கா இரண்டு கைப்பிடி மிட்டாயை முன் கண்ணாடிமேல் ஓங்கி வீசினாள். அடுத்த வாரம் சத்தம் கூடியது. அக்கா மூன்று கைப்பிடி வீசினாள். இன்னும் கூடியது. "பொல்லாத கண்ணு" என்று அக்கா ஒத்துக்கொண்டு, பெரிய கிண்ணமாக ஒன்று வாங்கினாள்.

இதற்கிடையில் புருல்சா மெக்கானிக் மெல்ஸிடம் போனாள். மெல்ஸ் அவள் கணவரின் சித்தப்பா மகன், கொழுந்தன் முறை. அண்ணியைக் கிண்டல் செய்யாவிட்டால் அவனுக்குச் சோறு செரிக்காது. ஊரின் பழைய டிராக்டர் நிலையத்துக்குப் பின்னால் ஒரு குழி தோண்டி, அதன்மேல் வண்டியை நிறுத்தி வேலை பார்ப்பான். எந்த வண்டி என்ன சத்தத்தோடு வந்தாலும், முதலில் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டைத்தான் மாற்றுவான்.

"எண்டு போயிருச்சு அண்ணி."

"நீ இன்னும் குழிக்குள்ளயே இறங்கலையே."

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

"யாரு மூஞ்சிய?"

"ரெண்டு பேரு மூஞ்சியயும்தான்."

எண்டை மாற்றினான். சத்தம் அப்படியே இருந்தது. அடுத்த முறை, அச்சு ஜாயிண்ட்டாக இருக்கும் என்று பள்ளிக்கூட மைதானத்தில் வட்டமாக ஓட்டிப் பார்த்தான். ஜாயிண்ட் போயிருந்தால் ஓடும்போது டக் டக் என்று வரிசையாகத் தட்டும். இதுவோ நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் முனகியது. ஆக, அது இல்லை. ஸ்டீயரிங்குக்கு உதவும் மோட்டாராக இருக்குமோ என்று எஞ்சினை அணைத்துவிட்டு, இரண்டு கையாலும் பல்லைக் கடித்துத் திருப்பினான். மோட்டார் வேலை செய்யாதபோதும் முனகல் வந்தது. அதுவும் இல்லை. ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைத் தூக்கிவிட்டுத் திருப்பினான். சத்தம் பாதிக்குமேல் குறைந்துவிட்டது. இறக்கினால் மறுபடி அழுதது.

மெல்ஸ் குழியின் ஓரத்தில் உட்கார்ந்து, எண்ணெய்க் கையால் நெற்றியைத் துடைத்துக் கறுப்பாக்கிக்கொண்டான்.

"பாரம் ஏறினா சத்தம், இறங்கினா இல்ல. அப்போ அடியில சக்கரத்தத் திருப்பற ஸ்டீயரிங் ரேக்குதான் அண்ணி. மொத்தமாப் பிரிக்கணும். பிஷ்கெக் பட்டணத்துலதான் சாமான் கிடைக்கும். மாசம் ஆகலாம்."

"மாசமா? குல்பார்சின் அக்கா வீட்டுக் கல்யாணம் அக்டோபர் ரெண்டாவது சனிக்கிழமடா."

"அவங்க வேற வண்டி பாக்க மாட்டாங்களா?"

"பாக்க மாட்டேங்கறாங்க. அதான் பிரச்சினையே."

குல்பார்சின் அக்காவின் கடைசி மகனுக்குக் கல்யாணம். மருமகளை ராசி வண்டியில்தான் அழைத்து வர வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக இருந்தாள். அவள் வீட்டு ஆண்களும், வெளியூரிலிருந்து வந்த நாத்தனார்களும் வேண்டாம் என்றார்கள். ஒப்பாரி வைக்கும் வண்டியிலா பெண் வருவாள் என்று ஒருத்தி நேராகவே கேட்டாள். அதற்கு அக்கா, "நான் வீசுறேன். சத்தம் வராது. வந்தா என் பேர மாத்திக்கறேன்" என்றாளாம். இதைக் கேட்டதிலிருந்து புருல்சாவுக்குத் தூக்கம் சரியில்லை. அந்த வாசலில், அத்தனை பேர் முன்னால் வண்டி முனகினால், அக்காவுக்கும் அவமானம், தனக்கும் பிழைப்பு போச்சு. எல்லாவற்றையும்விட, பெரிஸாத்தைப் பற்றிய பேச்சு உண்மைதான் என்று ஊர் முடிவு கட்டிவிடும். அது தலாஸ் வரைக்கும் போகும். கொச்கோரிலிருந்து கிளம்பும் வம்பு எந்தக் கணவாயிலும் நிற்காது.

அக்டோபர் பிறந்து காலையில் பனி கட்ட ஆரம்பித்தது. ரேக்கைப் பிரிக்க மனசு வராமல் வண்டியை ஓட்டிக்கொண்டேயிருந்த புருல்சா, அப்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். காலையில், குளிரில், சத்தம் பயங்கரம். கட்டிலை இழுப்பதுபோல் இருக்கும். மத்தியானம் வெயில் ஏறியதும் முனகல் பாதியாகக் குறையும். இரும்பு வெயிலுக்கும் குளிருக்கும் இப்படி மாறுமா? மெல்ஸிடம் கேட்டாள். "ரப்பரா இருந்தா மாறும்" என்றான். ரப்பர் புஷ்களையெல்லாம் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தான். மாறவில்லை.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது பாலிக்சிக்கு ஆள் ஏற்றிப் போனாள். திரும்பி வர ஆள் சேரும் வரை டாக்ஸி நிறுத்தத்தில் காத்திருந்தாள். மத்தியான வெயில். பக்கத்தில் ஏரிமீனைப் புகைபோட்டு விற்கிறவளிடம் ஒன்று வாங்கி, பானெட்மேல் செய்தித்தாளை விரித்து நின்றுகொண்டே சாப்பிட்டாள். மஞ்சள் குளவிகள் சுற்ற ஆரம்பித்தன. மீனுக்குத்தான் வருகின்றன என்று கையை வீசினாள். குளவிகள் மீனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாகக் கண்ணாடியின் அடியில், இடது வைப்பருக்குப் பக்கத்தில் இறங்கி, கறுப்புப் பிளாஸ்டிக் தட்டில் இருந்த ஒரு ஓட்டைக்குள் காணாமல் போயின. கொஞ்ச நேரம் கழித்து, கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள் மாதிரி, தள்ளாடிக்கொண்டு வெளியே வந்தன.

அந்த ஓட்டை அவளுக்குத் தெரிந்ததுதான். அதன்மேல் ஒரு சின்ன மூடி இருந்தது. போன குளிரில் பனிக்கட்டியைச் சுரண்டும்போது உடைந்து போனது. அதற்கு என்ன வேலை என்று தெரியாததால் அவள் அதைப் பற்றிக் கவலைப்படவேயில்லை.

குளவிகளை ஊதி விரட்டிவிட்டு, சுண்டுவிரலை உள்ளே விட்டாள். பிசுபிசுவென்று ஒட்டியது. விரலை முகர்ந்து பார்த்தாள். மீன் வாடைதான் வந்தது. வேறு விரலை விட்டு முகர்ந்தாள். சர்க்கரை.

புருல்சா மீனைப் பாதியில் சுருட்டி வைத்தாள். "எனக்கு அவசரம், இருக்கறவங்க மட்டும் ஏறுங்க" என்றாள். ஏறிய இரண்டு பேரும் ஓட்டுகிறவளுக்கு என்ன ஆயிற்று என்று வழி நெடுகப் பேசிக்கொண்டு வந்தார்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அவள் தனியாகச் சிரித்தபடி இருந்தாள்.

மெல்ஸ் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"டேய், கிண்ணத்தக் கீழ வை. உள்ள உட்கார்ந்து நான் சொல்லும்போது ஸ்டீயரிங்கத் திருப்பு."

"எப்பலேருந்து அண்ணி நீ மெக்கானிக்கு?"

"நீ விட்ட நாள்லேருந்து."

அந்த ஓட்டைக்கு நேர் கீழே, இடது முன்சக்கரத்துக்குப் பின்னால் கையை நுழைத்து, ஷாக் அப்சார்பரைச் சுற்றியிருக்கும் பெரிய ஸ்பிரிங்கின்மேல் உள்ளங்கையை வைத்தாள். "திருப்பு" என்றாள். ஸ்பிரிங் மெல்ல முறுக்கேறுவது கையில் தெரிந்தது, முனகல் நீண்டது, பிறகு டொக் என்று ஸ்பிரிங் துள்ளி விடுபட்டது. வலது பக்கம் போய் அதேபோல் கையை வைத்தாள். அங்கே எதுவும் துள்ளவில்லை. சக்கரத்தோடு சேர்ந்து சமர்த்தாகத் திரும்பியது.

இப்போது மெல்ஸும் இறங்கி வந்து கையை வைத்துப் பார்த்தான். அவன் முகத்தில் கிண்டல் போய்விட்டது.

"மேல இருக்கற பேரிங் இறுகிருச்சு" என்றான். "சக்கரம் திரும்பினா ஸ்பிரிங்கும் சேர்ந்து வழுக்கித் திரும்பணும். மேல் பேரிங் பிடிச்சுக்கிட்டா ஸ்பிரிங் முறுக்கிக்கிட்டு அப்புறம் துள்ளும். ஜாக்கி போட்டா பாரம் இல்ல, அதான் சத்தம் குறையுது. ரேக்கு இல்ல அண்ணி. ஆனா இது எப்படி இறுகும்? துரு பிடிச்சாலும் இப்படிக் காலையில ஒண்ணு மத்தியானம் ஒண்ணு பண்ணாதே."

"வைப்பரக் கழட்டு. உனக்கே தெரியும்."

வைப்பர்களைக் கழற்றி, கண்ணாடிக்கு அடியிலிருந்த கறுப்புத் தட்டைத் தூக்கினார்கள். இந்தக் காரில் ஷாக் அப்சார்பரின் தலை அதற்கு நேர் கீழேதான் இருந்தது. தலை இருக்க வேண்டிய இடத்தில் அவர்கள் பார்த்தது பழுப்பு நிறத்தில் ஒரு பாறை. மிட்டாய்கள் மழையில் கரைந்து, வெயிலில் பாகாகி, குளிரில் இறுகி, ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாக உட்கார்ந்திருந்தன. உள்ளே பதித்து வைத்ததுபோல் திராட்சைகள், சில்லறைக் காசு, இரண்டு குளவிகள். பாகு வழிந்து பேரிங்குக்குள் இறங்கியிருந்தது.

மெல்ஸ் ஒரு திராட்சையை நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.

"ஆளுங்க ஜாம் போட்டு ஜாடியில வைப்பாங்க. நீ ஷாக் அப்சார்பர்ல வச்சிருக்க."

புருல்சா அந்தப் பாறையைத் தொட்டுப் பார்த்தாள். அழுகை இல்லை, சகுனம் இல்லை, கண்ணேறு இல்லை. சர்க்கரை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எத்தனையோ வாரமாக நெஞ்சில் இருந்த ஏதோ ஒன்று டொக் என்று விடுபட்டது.

சிரிப்பு அடங்கியதும் ஒரு விஷயம் உறைத்தது. இது குல்பார்சின் அக்காவின் கை. அந்தக் கைராசிதான் வண்டியை இந்தக் கதிக்கு ஆளாக்கியது. இதை அவளிடம் யார் சொல்வது? சொல்லாவிட்டால் சனிக்கிழமை வாசலில் புதுக் கிண்ணத்தோடு நிற்பாள்.

"டேய், இது வெளிய போகக் கூடாது."

"நான் எங்க அண்ணி வாயத் திறக்கப் போறேன்?" என்றான் மெல்ஸ், மனம் புண்பட்டவனாக.

அன்று சாயங்காலமே குல்பார்சின் அக்கா குழியடிக்கு வந்துவிட்டாள். மெல்ஸ் தன் மனைவியிடம் மட்டும்தான் சொன்னானாம்.

தேநீருக்கு வெந்நீர் காய்ச்சும் சாமோவரிலிருந்து கொதிநீர் ஊற்றி ஊற்றிப் பாறையைப் பெயர்த்து எடுத்து, தகரத் தட்டில் வைத்திருந்தார்கள். அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைச் சுற்றி வந்தாள். புருல்சா தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"என் கையாலயா?" என்றாள் அக்கா.

"யாரு கைன்னு எழுதியா இருக்கு அக்கா? ஊரே வீசுது. மூடியும் உடைஞ்சு கிடந்துச்சு. அது என் தப்புதான்."

அக்கா ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணை மூடிச் சுவைத்தாள்.

"எலுமிச்ச வாசன வருது" என்றாள் கடைசியில். "நான் எலுமிச்ச மிட்டாய் வாங்கவே மாட்டேன். இது அந்தக் கீழத்தெரு ஷைர்குல் வேல. அவ எப்பவும் மட்டமானதுதான் வாங்குவா."

"ஆமா, அவங்களாத்தான் இருக்கும்" என்றான் மெல்ஸ் அவசரமாக.

"நீ வாய மூடுடா. உன்ன யாரு கேட்டா?"

அவள் வாசல் வரை போய்த் திரும்பினாள். "சனிக்கிழம பொண்ணு இந்த வண்டியிலதான் வருவா. நானும் வீசத்தான் செய்வேன். சொல்லிட்டேன்" என்றாள். குரல் வழக்கம்போல்தான் இருந்தது. ஆனால் காது மடல் சிவந்திருந்ததைப் புருல்சா பார்த்தாள்.

பேரிங்கைக் கழுவிப் பார்த்தார்கள். உள்ளேயிருந்த இரும்பு மணிகளெல்லாம் அரித்துப்போயிருந்ததால் பாலிக்சியிலிருந்து புதியது வந்தது. ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி ஒன்று இரவல் வாங்கி மாட்டினான் மெல்ஸ். பழையபடி எல்லாம் பூட்டி முடித்ததும், குமிஸ் என்ற புளித்த குதிரைப்பால் விற்கும் பிளாஸ்டிக் கேனிலிருந்து வட்டமாக ஒரு மூடி வெட்டி அந்த ஓட்டையை அடைத்தான். அதில் பழைய விற்பனைச் சீட்டில் பாதி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. வண்டியைக் குழிமேலிருந்து இறக்கி, நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினாள் புருல்சா. சத்தமே இல்லை. கையை விட்டதும் ஸ்டீயரிங் தானாக வழுக்கி நேருக்கு வந்தது. அவளுக்கு அது பழைய சிநேகிதி திரும்பிப் பார்த்ததுபோல் இருந்தது.

"இருந்தாலும் அந்த டை ராட் எண்டும் போயித்தான் இருந்துச்சு" என்றான் மெல்ஸ்.

சனிக்கிழமை மருமகளை ஏற்றிக்கொண்டு தெருவுக்குள் வந்தபோது, குல்பார்சின் அக்கா வீட்டு வாசலில் ஊரே நின்றது. நாத்தனார்கள் முதல் வரிசையில், காதைத் தீட்டிக்கொண்டு. வாசல் குறுகலானது, நன்றாக ஒடித்தால்தான் உள்ளே நுழையும். அக்காவின் இடுப்பில் புதுக் கிண்ணம் இருந்தது. குமிஸ் கேனின் மூடி அந்தக் கைக்குத் தாங்குமா என்று புருல்சா யோசித்தாள்.

அப்போது அக்கா கையை உயர்த்தி வண்டியை நிறுத்தினாள். கிண்ணத்தை மகனிடம் கொடுத்துவிட்டு, உள்ளே போய் ஒரு பெரிய வெள்ளை விருந்துத் துணியை எடுத்து வந்தாள். நல்ல விருந்துக்கு மட்டும் விரிப்பது. அதை உதறி, பானெட்டிலிருந்து முன் கண்ணாடியின் பாதிவரை, வைப்பர் எல்லாம் மறையும்படி விரித்து, ஓரங்களை இழுத்துவிட்டாள்.

"இது என்ன புதுசா?" என்றாள் ஒரு நாத்தனார்.

"புதுசா? எங்கம்மா ஊர்ல இப்படித்தான். துணி விரிச்சுத்தான் வீசணும். உனக்கு எங்க தெரியப்போகுது? இனிப்பு மண்ணுல விழலாமா? பொறுக்கற பிள்ளைங்க சுத்தமாத் திங்க வேணாமா?"

அவளுடைய அம்மா காலத்தில் அந்த ஊரில் காரே இல்லை. அக்கா கிண்ணத்தை வாங்கி, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து வீசினாள். வெள்ளைத் துணியில் வெள்ளை மிட்டாய்கள் துள்ளின. ஒன்றுகூட ஓட்டைப் பக்கம் போகவில்லை. "ஓமின்" என்றது கூட்டம். அக்கா துணியின் நாலு முனையையும் சேர்த்துத் தூக்கி, மிட்டாய்களைப் பிள்ளைகளுக்கு நடுவில் கொட்டினாள்.

புருல்சா ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து வாசலுக்குள் திரும்பினாள். மௌனம். அந்த மௌனத்தை யாருமே கவனிக்கவில்லை. இல்லாத சத்தத்துக்கு யார் காது கொடுப்பார்கள்? எல்லாரும் மருமகளின் முக்காட்டுக்குள் எட்டிப் பார்ப்பதில் இருந்தார்கள். குல்பார்சின் அக்கா மட்டும் வண்டிக்குள் குனிந்து, "பாத்தியா, வீசினேன், நின்னுருச்சு" என்றாள். புருல்சா, "உங்க கைராசி அக்கா" என்றாள். இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அன்றிரவு மகளுக்குப் போன் செய்யவில்லை. மறுநாள் பெரிஸாத்தே கூப்பிட்டாள்: "என்னம்மா, உடம்பு சரியில்லையா? ரெண்டு நாளா நல்லா இருக்கியான்னு கேக்கவே இல்ல?"

அந்தக் குளிர்காலத்தில் வண்டி பழையபடி ஓடியது. கொச்கோரில் சச்சிலா என்றால் இப்போது முதலில் துணியைத் தேடுகிறார்கள். கீழத்தெரு ஷைர்குல் பூவேலை செய்த துணியே தைத்து வைத்திருக்கிறாள். நாரின் பக்கமும் அப்படிச் செய்வதாக ஒரு பயணி புருல்சாவிடமே விவரமாகச் சொல்லிக்கொண்டு வந்தான். அவள் கேட்டுக்கொண்டே ஓட்டினாள்.

ஜூன் மாதத்தில் ஒரு மத்தியானம், தலாஸ் போவதற்காகச் சக்கரத்தில் காற்று அடித்துக்கொண்டிருந்தபோது, பெரிஸாத்திடமிருந்து ஒரு போட்டோவும் அதன்கீழ் ஒரு செய்தியும் வந்தன. போட்டோவில் ஒரு நீல நிறக் கார். அதன் கண்ணாடியை மூடி, இஸ்திரி மடிப்புக்கூடக் கலையாத வெள்ளைத் துணி. அதன்மேல் மிட்டாய்கள். ஓரத்தில் ஒரு துணி மூட்டை. மூட்டைக்குள் ஒரு குட்டி மூக்கு.

"அம்மா, ஆஸ்பத்திரியில ஒரு நாள் முன்னாடியே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பொண்ணு. மூக்கு உன் மூக்கு, அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது. மெதுவா ஓட்டிட்டு வா, நாங்க எங்கயும் போயிட மாட்டோம். அப்புறம் போட்டோவ நல்லாப் பாரு. துணி விரிக்கச் சொல்லி நான் ஒரு வார்த்த சொல்லல, சத்தியமா. அத்தையே விரிச்சாங்க. இது என்னன்னு கேட்டா, தலாஸ்ல ஏழு தலைமுறையா இப்படித்தானாம், உங்க ஊர்ல தெரியாதான்னு என்னையே கேக்கறாங்க. தெரியாதுன்னு சொல்லிட்டேன். குல்பார்சின் பெரியம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத."